எல்லாம் போலே

அந்த நல அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அங்கே வேலை செய்கிற பதினொரு பேரும் அது நான் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை அதிகம். மூன்றாவது மாடி என்று மட்டும் சொல்லலாம். லிப்ட் கிடையாது. உடம்பு முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற அட்டையைக் கேட்டு வருகிறவர்கள் அந்த மூன்று மாடியையும் ஏறித்தான் கேட்க வேண்டும். ஏறி வந்துவிட்டால் உடம்பு முடிகிறது என்று ஆகிவிடும். நல்ல ஏற்பாடு.

பவளம் அந்தப் படிகளை நிற்காமல் ஏறினாள். அறுபத்தேழு வயது. முப்பத்தொன்பது வருஷம் தேயிலை மலையில் கொழுந்து எடுத்த கால்களுக்கு மூன்று மாடி என்பது ஒரு நிரைக்குக்கூடக் காணாது. இரண்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவள் மகள் கங்காதான். இருபத்தாறு வயது, டிகிரி.

"வா புள்ள, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று மேலேயிருந்து பவளம் கூப்பிட்டாள்.

பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரித்துவிடுகிற சடங்கு. பவளம் கடைசியாகப் பெரட்டில் நின்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. மூளையைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டருக்குத் தெரியும். டிமென்ஷியா, நடுத்தர நிலை என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் கங்காவின் பைலில் முதலாவதாக இருந்தது.

உள்ளே அலுவலகத் தலைவி ரொஹானி, மலாய் மரியாதையில் புவான் ரொஹானி, காகிதத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார். மறதிதானே, ஞாஞுக், அதாவது கிழட்டு மறதி என்றார். வயசானால் எல்லாருக்கும் வருவது. நேற்றுக்கூட காரை எங்கே நிறுத்தினேன் என்று அரை மணி நேரம் தேடினேன் என்றார். காரை எங்கே நிறுத்தினோம் என்று மறப்பது வேறு, கார் என்றால் என்ன என்று மறப்பது வேறு என்று கங்கா மலாயில் சொன்னாள். அவள் மலாய் சுத்தமானது, கூர்மையானது. அதனாலேயே அங்கே யாருக்கும் அது பிடிக்கவில்லை. விண்ணப்பதாரர் பேசட்டும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார் புவான்.

பாரத்தில் பதினான்கு கேள்வி. மாக்சிக், அதாவது பெரியம்மா, தானாகக் குளிக்க முடியுமா? "போலே, தொரைசானி." தானாக உடுத்த? "போலே." சமைக்க, மருந்து சாப்பிட, தனியாகக் கடைக்குப் போய்வர? ஒவ்வொன்றுக்கும் பவளம் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, புன்னகையோடு போலே என்றாள். மலாயில் போலே என்றால் முடியும். பதினான்கு கேள்விக்குப் பதினான்கு போலே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கங்காவின் காது சிவந்தது. அன்று காலையில் அம்மா ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த மூன்று ரவிக்கையைக் கழற்றி, ஒன்றை மட்டும் மாட்டி, சேலை சுற்றிக் கூட்டி வந்தவள் அவள்தான்.

"மா" என்று திரும்பினாள். "ஹெலிகாப்டர் ஓட்ட போலேயா?"

"போலே" என்றாள் பவளம், கொஞ்சமும் யோசிக்காமல்.

புவான் ரொஹானி வாய்விட்டுச் சிரித்தார். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: விண்ணப்பதாரர் சுயமாக இயங்கும் திறன் கொண்டவர். நகைச்சுவை உணர்வுடன் உரையாடினார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

பவளத்தின் போலே எங்கிருந்து வந்தது என்று கங்காவுக்குத் தெரியும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்குமே தெரியும். கையால் கிள்ளிக்கொண்டிருந்த தோட்டத்தில் ஒரு வருஷம் கத்தரி வந்தது. இன்னொரு வருஷம் இரண்டு ஆள் தூக்கிப் பிடிக்கிற மெஷின் வந்தது. புதுசாக எது வந்தாலும் மேஸ்திரியான மண்டோர் பெரட்டில் நின்று போலேயா என்று கேட்பார். முடியாது, அதாவது தாக் போலே, என்று சொன்ன பெண்களின் பேரைக் கணக்கெழுதும் கிராணி வெட்டிவிட்டுப் புல்லு வெட்டுக்கு எழுதிவிடுவார். தெரியாவிட்டாலும் போலே சொல்லிவிட்டு, பக்கத்து நிரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்துத்தான் பவளம் தனி ஆளாக ஒரு பெண்ணைப் பட்டதாரி ஆக்கினாள். இப்போது மகள் பேர் மறந்துவிட்டது, சோற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மறந்துவிட்டது. போலே மட்டும் மறக்கவில்லை.

அட்டை எதற்கு என்றால், பூட்டுக்கு.

ரிங்லெட்டில் மாதா கோயிலை ஒட்டி ஒரு பகல் நேரப் பராமரிப்பு இல்லம் இருக்கிறது. காலையில் வேன் வந்து கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஓர் இடம் காலியாக இருந்தது. அட்டை உள்ளவர்களுக்குத்தான் கொடுக்க முடியும், மாதக் கடைசி வரை வைத்திருக்கிறேன் என்று அங்கிருந்த சிஸ்டர் சொல்லிவிட்டார். அதுவரை கங்கா திரிங்காப் பேக்கிங் ஹவுசில் தக்காளிக்குத் தரம் பார்க்கப் போகிற நேரமெல்லாம் அம்மா உள்ளே இருக்க, வீடு வெளியே பூட்டியிருக்கும். பூட்டு வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பவளம் யாரோ ஒருவருடைய லோரியில் ஏறி கியா பார்ம் போய், ஸ்ட்ராபெரிக் கடை ஒன்றில் வரிசை வரிசையாக நாற்பது செடியைக் கிள்ளி முடித்துவிட்டு, கடைக்காரரிடம் கொழுந்து போடச் சாக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளு மட்டும் பிசகவே இல்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு.

மறு சாவி பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் இருந்தது. மத்தியானம் சோறு கொடுப்பது அவள்தான். "பூட்டுன்னு ஏன்டி சொல்ற, கதவச் சாத்தி வெச்சிருக்கேன்னு சொல்லு" என்பாள். கங்கா அப்படிச் சொல்ல மாட்டாள். பூட்டுக்குப் பேர் பூட்டுதான். சாயங்காலம் வந்து திறக்கும்போது வாசலில் நிற்கிற அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "தொறந்து வுட்டீங்களே, யாரு பெத்த புள்ளையோ, நல்லாருக்கணும்" என்பாள். நான்கு வருஷம் யூனிவர்சிட்டியில் படித்தவள் கும்பிட்ட அந்தக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள்.

பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு எழுதினாள். புவான் ரொஹானிக்கு இரண்டு பக்கக் கடிதம். விண்ணப்பதாரருக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியும் என்று நீங்களே ஒப்புக்கொண்ட நிலையில், அதற்கான லைசென்சையாவது அனுப்பி வைக்கவும் என்று முடித்திருந்தாள்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வந்தது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மகேஸ்வரன். அந்த ஆபிசில் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

புவானுக்குக் கோபம் வந்ததாம். பிறகு வேறொரு யோசனை வந்ததாம். இந்தக் காலாண்டில் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தியிருக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. போட்டோவும் வருகைப் பட்டியலும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பெண்ணுக்குத்தான் இவ்வளவு தெரிகிறதே, வெள்ளிக்கிழமை வந்து அரை மணி நேரம் டிமென்ஷியாவைப் பற்றிப் பேசட்டும் என்றாராம்.

"கோவப்படாம பேசு தங்கச்சி" என்றான் மகேஸ்வரன்.

"கோவமில்லாம பேசறதுன்னா நீங்களே பேசியிருக்கலாமே அண்ணே. பத்து வருஷமா அங்கதான உக்காந்திருக்கீங்க."

மகேஸ்வரன் பேச்சை மாற்றினான். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, உண்டு, சாப்பிட்டுவிட்டு வராதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்தால்தான் சாப்பாடு. கங்காவுக்கு அது வசதியாக இருந்தது. பையிலிருந்து பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போட்டோ எடுத்தார்கள். மலாயில் வணக்கம் சொன்னாள், அழைத்ததற்கு நன்றி சொன்னாள். முதலில் ஒரு சின்னப் பயிற்சி, உங்கள் பாரத்தில் இருக்கிற மாதிரிக் கேள்விகள், சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும் என்றாள். பிறகு அதே புன்னகையோடு, அதே குரலில், சுத்தத் தோட்டத்துத் தமிழுக்கு மாறினாள்.

ஆபிஸ் டிரைவர் நல்ல பருமன், வயிறு மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் ஆரம்பித்தாள்.

"ஐயா, நீங்க தலகீழா நின்னு, கையாலயே நடந்து தாப்பா வரைக்கும் எறங்கிப் போவீங்களா? போலேயா?"

டிரைவருக்குக் கடைசிச் சொல் மட்டும் புரிந்தது. நல்ல பெண், நல்ல கேள்விதான் கேட்டிருப்பாள் என்று தலையை ஆட்டினார். "போலே."

கங்கா வெள்ளைப் பலகையில் அவர் பேரை எழுதி ஒரு சரி போட்டாள்.

"தங்கச்சி, ஒரு மூட்ட முள்ளங்கிய பச்சையா, கழுவாம, ஒரே மூச்சுல தின்னுருவீங்களா? போலேயா?"

தலையில் நீலத் துணி கட்டிய இளம் அதிகாரி இரண்டு தரம் போலே சொன்னாள். மகேஸ்வரனுக்கு இருமல் வந்தது. கங்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்கும் வந்துவிடும். புவான் ரொஹானியின் முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, அம்மா நிற்கிற மாதிரியே நின்றாள்.

"தொரைசானி, உங்க மாமியாரச் சாக்குல கட்டி, லோரில ஏத்தி, திரிங்காப்பு முட்டக்கோஸோட எறக்கிட்டு வந்துருவீங்களா? போலேயா?"

தலைவி அல்லவா, மற்றவர்களைவிட ஒரு படி மேலே சொல்ல வேண்டும். "சுடா தெந்து போலே" என்றார் கம்பீரமாக. நிச்சயமாக முடியும்.

மகேஸ்வரன் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வெளியே ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் தண்ணீர் குடிக்கிற சத்தம் இல்லை.

கங்கா பலகையை ஒரு தரம் பார்த்தாள். பதில் சொன்ன எல்லாருக்கும் சரி. உங்கள் பாரத்தின்படி இங்கே யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, எல்லாருடைய விண்ணப்பமும் தள்ளுபடி என்று மலாயில் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கேள்வியாக மொழிபெயர்த்தாள். முள்ளங்கியில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமியார் வந்தபோது டிரைவர் மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டு, தலைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். புவான் ரொஹானி சிரிக்கவில்லை.

புரியாமல் ஏன் போலே சொன்னீர்கள் என்று கங்கா கேட்டாள். நீலத் துணி கட்டியவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உங்கள் முகம் ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது, உங்களை ஏமாற்ற மனசு வரவில்லை. டிரைவர், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் முடியட்டும் என்று சொன்னேன் என்றார். கடைசியில் புவானே வாயைத் திறந்தார். பத்து பேர் பார்க்கிற இடத்தில் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"அதுக்குத்தான்" என்றாள் கங்கா தமிழில், தன்னை மறந்து. பிறகு மலாயில், அதற்காகத்தான் என் அம்மாவும் சொன்னாள் என்றாள்.

பலகையில் போலே என்று தமிழில் எழுதினாள். உங்கள் மொழியில் இதற்கு முடியும் என்று அர்த்தம். எங்கள் மொழியில் இதே சத்தத்துக்கு வேறு அர்த்தம். போலே என்றால் மாதிரி. இருக்கிற மாதிரி இருக்கும், இருக்காது. முடிகிற மாதிரி இருக்கும், முடியாது. நீங்கள் என் அம்மாவிடம் மலாயில் கேட்டீர்கள், அவள் தமிழில் பதில் சொன்னாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாரத்தில் பதினான்கு இடத்தில் மாதிரி, மாதிரி என்று டிக் அடித்திருக்கிறீர்கள்.

அதன்பிறகு அவள் பேசியதில் பகடி இல்லை. கை கால் பலமாக இருக்கும், வரிசைதான் கலைந்துபோகும் என்றாள். அரிசி தெரியும், பானை தெரியும், அடுப்பு தெரியும். எது முதலில், எது பிறகு என்பது போய்விடும். வெளி ஆள் முன்னால் அரை மணி நேரம் இருக்கிற சக்தியை எல்லாம் கூட்டி நன்றாக நடந்துகொள்வார்கள், வீட்டுக்குப் போனதும் சரிந்துவிடுவார்கள், அந்த அரை மணியைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். முடியுமா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். கூட இருக்கிறவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பயந்துவிடுவார்கள். கடைசியாகப் பூட்டைக் கையில் எடுத்தாள். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை என் அம்மா இதற்குப் பின்னால் இருக்கிறாள், இந்த ஒரு நாள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தேன் என்றாள். யாரும் பொட்டலத்தைத் தொடவில்லை.

சரி என்றார் புவான் ரொஹானி. இனிமேல் கேட்கவில்லை, புதன்கிழமை உன் வீட்டுக்கு நானே வருகிறேன், மாக்சிக் எனக்குத் தேத்தண்ணி கலந்து தரட்டும், பார்க்கிறேன். கதவு வரை போனவர் திரும்பி நின்றார். "நல்ல தேத்தண்ணி கிடைத்தால் மறுபடியும் போலே என்றுதான் எழுதுவேன், தெரிந்துகொள்." மாமியார் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலடி அது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காளியம்மா ஆலோசனை சொல்ல வந்தாள். தேத்தூள் டின்னை ஒளித்து வைத்துவிடு என்றாள் முதலில். கங்கா முறைத்தாள். அப்படியானால் தாக் போலே சொல்லப் பழக்கு, கிளிகூடப் பத்து தரம் சொல்லிக் கொடுத்தால் சொல்கிறது என்றாள். பழக்கிப் பார்த்தார்கள். பவளம் தரையில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாக் போலே சொல்லுக்கா" என்றாள் காளியம்மா.

"அப்படிச் சொல்லப்படாது." பவளம் குரலைத் தணித்தாள். "பேர வெட்டிருவாங்க. ஒனக்கு யாரு இதச் சொல்லிக் குடுத்தா? வெளிய சொல்லிடாத."

காளியம்மா வாயை மூடிக்கொண்டாள். அது ஊரில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

புதன்கிழமை காலையில் கங்காவுக்கு ஓர் இடி காத்திருந்தது. அம்மா எழுந்து, முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு வந்து அவளைப் பார்த்து, "என்னடி கங்கா, இன்னிக்கி வேலைக்குப் போகல?" என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பேர். கங்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையை எடுக்குமுன் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த ஒரு நாளா? இன்றைக்குத்தானா? அம்மா பின்னலைத் தடவிக்கொடுத்து, இளைத்துப் போய்விட்டாய் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் மனசுக்குள், இன்னும் இரண்டு மணி நேரத்தில் இவள் என்னை மறந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியிடம் வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டுக்கொண்டு நிற்கிற சாமி லயத்துக் கோயிலில் இல்லை.

பத்து மணிக்கு ஆபிஸ் வண்டி பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. புவான் ரொஹானியும் மொழிபெயர்க்க மகேஸ்வரனும் இறங்கினார்கள். பவளம் வாசலுக்கே போனாள். "வாங்க தொரைசானி, உள்ள வாங்க, பனியா இருக்கு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மகேஸ்வரன் கங்காவைப் பார்த்தான். கங்கா தரையைப் பார்த்தாள்.

புவான் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்க ஆசையாக இருக்கிறது என்றார். மகேஸ்வரன் சொல்ல, பவளம் அடுப்படிக்குப் போனாள். வீடு சிறியது, உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்படி தெரியும். கேஸைத் திறந்தாள், பற்றவைத்தாள். கேத்தலை ஏற்றினாள். கப்பை எடுத்துக் கழுவினாள், துணியால் துடைத்தாள், தட்டில் மூன்றாக அடுக்கினாள். கெட்டிப்பால் டின் வந்தது. சீனி வந்தது. தேத்தூள் டின் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது புவானின் பேனா பாரத்தின்மேல் ஓர் அங்குலம் இறங்கியது. கேத்தலில் தண்ணீர் ஊற்றவில்லை என்பது கங்காவுக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கக் கூடாது. செய்து காட்டச் சொல்லுங்கள், குறுக்கே போகாதீர்கள் என்று பாடம் எடுத்தவளே அவள்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

பவளம் தேத்தூள் டின்னைத் திறந்தாள். வாசம் பிடித்தாள். அந்த வாசத்தில் ஏதோ ஒன்று அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. டின்னைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை மறந்து, தட்டை மறந்து, நேராகப் புவான் ரொஹானி முன்னால் வந்து நின்றாள். முதுகு நிமிர்ந்திருந்தது. கண் மட்டும் கெஞ்சியது.

"நிறுத்துப் பாருங்க தொரைசானி. தண்ணி கழிக்காதீங்க. காலையிலேர்ந்து மழ இல்ல, காஞ்ச கொழுந்துதான்."

பின்னால் வெறும் கேத்தல் சிவந்து கருகுகிற வாசம் எழுந்தது. மகேஸ்வரன் ஓசைப்படாமல் போய் கேஸை மூடிவிட்டு வந்தான். அவன் அப்பா ஒரு தோட்டத்தில் எடை போட்ட கிராணி. என்ன நடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஈரக் கொழுந்து என்று சொல்லி எடையில் வெட்டிவிடுவார்கள், அதைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

இதோ, இப்போது சிரிப்பார், நகைச்சுவை உணர்வு என்று எழுதுவார் என்று கங்கா காத்திருந்தாள். வாயில் ஏற்கெனவே நான்கு வார்த்தை தயாராக இருந்தது. புவான் ரொஹானி எழுந்து நின்றார். இரண்டு கையாலும் டின்னை வாங்கினார். ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், கண்ணை மூடி இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார்.

நல்ல கனம் மாக்சிக், தண்ணி கழிக்கவில்லை என்றார்.

"கழிக்கலையாம்மா" என்றான் மகேஸ்வரன்.

பவளத்தின் முகம் மலர்ந்ததை கங்கா பார்த்தாள். அம்மாவின் வேலை நாட்கள் எல்லாவற்றிலும் ஒரு நாளாவது யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. தயாராக வைத்திருந்த நான்கு வார்த்தையையும் விழுங்கினாள்.

புவான் உட்கார்ந்து பாரத்தை எடுத்தார். ஆறாவது கேள்வி, சூடான பானம் தயாரித்தல். தாக் போலே. ஏழாவது, அடுப்பைப் பாதுகாப்பாகக் கையாளுதல். தாக் போலே. பேனா நகர நகர, பவளம் எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாது, ஆனால் யாரோ தன் பேருக்கு நேரே எழுதுகிறார்கள் என்பது தெரிந்தது.

"என்ன எழுதுறாங்க?" என்று பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டாள். அவள் யார் என்பது அதற்குள் போய்விட்டிருந்தது. "மிஸ், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பொய் சொல்ல வராத வாய் கங்காவுடையது. அதனாலேயே இரண்டு வேலை போயிருக்கிறது.

"கிலோ எழுதுறாங்கம்மா."

"எம்புட்டு?"

"முப்பத்தெட்டு."

"நாப்பது இருக்குமே" என்றாள் பவளம். "நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

மகேஸ்வரன் மொழிபெயர்த்தான். புவான் ரொஹானி பாரத்தின் ஓரத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக 40 கிலோ என்று எழுதி அடிக்கோடு போட்டார். பவளத்துக்கு அது போதும். உள்ளே போய் கெட்டிப்பாலும் சீனியும் மட்டும் கலந்து மூன்று கப் கொண்டுவந்தாள். மூன்று பேரும் கரண்டியால் தின்றார்கள்.

விவகாரம் அத்தோடு முடியவில்லை. அரசாங்கம் ஆயிற்றே. எட்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: விண்ணப்பதாரரின் மூளைத் திறனுக்கும் 40 கிலோவுக்கும் என்ன தொடர்பு, விளக்கம் தேவை. மகேஸ்வரன் அதைப் படம் பிடித்து கங்காவுக்கு அனுப்பி, என்ன பதில் எழுதுவது என்று கேட்டிருந்தான். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று அவள் திருப்பி அனுப்பினாள்: தண்ணி கழிக்காத எடைன்னு எழுதுங்க அண்ணே. அவன் அப்படியே எழுதினானோ, அல்லது பத்து வருஷ அனுபவத்தில் வேறு எதையாவது எழுதினானோ, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அட்டை வந்துவிட்டது. அந்த ஆபிசில் இப்போது முடியுமா என்கிற வார்த்தையைப் பாரத்தில் அடித்துவிட்டு, செய்து காட்டச் சொல்லவும் என்று கையால் எழுதிக்கொள்கிறார்களாம். லிப்ட் இன்னும் வரவில்லை. அதற்கு ஒரு கடிதம் கங்காவின் பையில் தயாராக இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் ரிங்லெட் வேன் லயத்துக்கு வந்தது. ஐந்தரை மணிக்கே எழுந்து தயாராகிவிட்ட பவளம் இரண்டு ரவிக்கையோடு வாசலில் நின்றாள். ஒன்றுதான் குறைந்திருந்தது, இருக்கட்டும் என்று கங்கா விட்டுவிட்டாள். பூட்டைக் காளியம்மா தன் கோழிக்கூட்டுக்குக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். வேனின் படி கொஞ்சம் உயரம். டிரைவர் கையை நீட்டி, மாக்சிக், ஏற முடியுமா என்று மலாயில் கேட்டார்.

"போலே" என்றாள் பவளம். கையைப் பிடிக்காமல், ஒரே எட்டில் ஏறி, ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஒரு போலே மட்டும் மலாய்.